ஆடியோமீட்டரின் நிலைக்குறிப்பு

பேத்தியின் காதில் கோளாறு இருக்கலாம் என்று மகளுக்கு நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை எழுதியபோது கோபப்பட்டாள். இரண்டாம் முறைக்குப் பிறகு என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். கருவிகளைப் பழுது பார்க்கும் சாலிடர் அக்கா தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடி ஏறி வந்த அன்று அது நாற்பத்தொன்றாவது நாள்.

நான் வேலை பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பழைய மருத்துவக் கருவிகள் சேகரிப்பில். உடற்கூறுத் துறைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில் அறுவைக் கத்திகளும் பல் பிடுங்கும் குறடுகளும். நடு அறையில் பெரிய சாமான்கள்: இளம்பிள்ளை வாதம் வந்தவர்களைப் படுக்க வைத்து மூச்சு விட வைத்த இரும்பு உருளை, தேக்குச் சட்டம் போட்ட எடைத் தராசு, முதல் தலைமுறை எக்ஸ்ரே பெட்டி. மூன்றாவது அறை கண், காது, மூக்கு. அங்கே ஒரு தட்டில் நாற்பத்தெட்டு கண்ணாடிக் கண்கள் இருக்கின்றன. மாணவர்கள் வந்தால் நேரே அதைப் பார்க்கத்தான் போவார்கள். வராத நாட்களில் அவை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். மொத்தம் இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் பொருட்கள், ஓர் ஊழியர். அந்த ஊழியர் நான்.

இவற்றில் பதினோரு கருவிகள் மட்டும் இன்னும் ஓடும். அவற்றை ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்து நிலைக்குறிப்பு எழுதவேண்டும். எது சரி, எது மங்கல், எது நின்றுபோனது என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நிலை இறங்கிக்கொண்டே போனால் அந்தக் கருவியைப் பல்கலைக்கழகப் பட்டறைக்குக் காட்டவேண்டும். பட்டறை கைவிரித்தால் அது ஓடும் கருவிகளின் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

இந்த ஆண்டு அப்படி மாட்டியது ஆடியோமீட்டர். ஒரு பயணப் பெட்டி அளவுக்கு, சாம்பல் வர்ணம் பூசிய தகரக் கூடு. முகத்தில் இரண்டு திருகுகள். இடது திருகு ஒலியின் உயரத்தை மாற்றும். கனத்த ஒலி நூற்றிருபத்தைந்து ஹெர்ட்ஸில் தொடங்கி, மிக மெல்லிய கீச்சொலி எட்டாயிரத்தில் முடியும். வலது திருகு சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். நடுவில் ஒரு கறுப்புப் பொத்தான். அமுக்கினால் ஹெட்போனில் ஒலி வரும். காது கேட்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் ஒரு மருத்துவர் வைத்திருந்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு குடும்பத்தார் எங்களிடம் கொடுத்தார்கள்.

மூன்று ஆண்டுகளாக அது மேலிருந்து கீழாகச் செத்துக்கொண்டு வந்தது. முதலில் எட்டாயிரம் போனது. பிறகு ஆறாயிரம். இந்த ஆண்டு நாலாயிரமும் இல்லை. எழுபது வயதைத் தாண்டிய பெட்டி. உள்ளே இருக்கும் பாகங்கள் தளர்ந்தால் உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும் என்று நானே காரணமும் கண்டுபிடித்து அடைப்புக்குள் எழுதி வைத்திருந்தேன்.

பேத்தி விஷயத்திலும் காரணம் கண்டுபிடித்தவன் நான்தான்.

அவளுக்கு இரண்டரை வயது. மகள் வீடு மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். கடைசியாக நான் போனபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் போன்தான். என்னுடையது பொத்தான் போன், முகம் தெரியாது.

“தாத்தாகிட்ட சொல்லு, என்ன பார்த்தேன்னு சொல்லு” என்பாள் மகள்.

பிறகு ஒரு சின்னக் குரல் வரும். ஆ, ஓ, ஆ, ஈ. வெறும் உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு போகும். எங்கேயும் ஒரு மெய்யெழுத்து வந்து நிறுத்தாது.

“என்ன சொல்றா?”

“அதான் சொல்றாளே அப்பா. தெளிவாத்தானே சொல்றா.”

“எனக்கு ஒண்ணும் தெளிவா இல்லையே.”

“உங்களுக்கு எதுதான் தெளிவா இருந்திருக்கு?” என்று சிரிப்பாள். ஆரம்பத்தில் சிரித்தாள்.

பெற்றவர்களுக்குத் தம் பிள்ளையின் மழலை புரியும்; குறை இருந்தாலும் பாசம் கண்ணை மறைக்கும். ஆனால் நான் மூன்றாவது அறையில் இருபது ஆண்டுகள் இருந்தவன். உயர்ந்த ஒலிகள் காதில் விழாத குழந்தை அவற்றைத் தன் வாயிலும் உண்டாக்காது என்று படித்திருக்கிறேன். அந்தக் குழந்தைகளின் பேச்சு எப்படி இருக்குமென்று பழைய ஏடுகளில் எழுதியிருப்பதும் நான் போனில் கேட்டதும் ஒன்றாக இருந்தன. ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். நடுவில் ஒரு வரைபடம்கூடப் போட்டிருந்தேன்.

மகள் போனில் கத்தினாள். ஆனாலும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதித்தாள். ஒரு வார்த்தை எழுதாமல் அறிக்கையை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினாள். இரண்டு காதும் இயல்பு என்றிருந்தது. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ‘இந்த வயதில் குழந்தை பரிசோதனைக்கு ஒத்துழைக்காது, ஒருநாள் முடிவை நம்பாதே, வேறு இடத்தில் இன்னொரு முறை பார்’ என்று பதில் போட்டேன்.

அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு நான் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மனைவி போன பிறகு இந்த உலகத்தில் எனக்கென்று போன் செய்யும் ஒரே ஆள் அவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்பது இவ்வளவு நீளமானது என்று எனக்கு முன்பு தெரியாது.

சாலிடர் அக்கா பல்கலைக்கழகப் பட்டறையில் ஈயம் உருக்கிச் சாலிடர் வைத்து மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். என்னைவிட எட்டு வயது சிறியவர். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. துணைவேந்தரே அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று கேள்வி.

“பேஷண்ட் எங்க சார்?” என்று கேட்டபடி உள்ளே வந்தார்.

“உள்ள இருக்கு. எழுபது வயசுக்கு மேல.”

“எழுபதெல்லாம் ஒரு வயசா? எங்க மாமியாருக்கு எழுபத்தாறு. அடுத்த தெருவுல என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னா கேக்காது. குத்தம் சொன்னா டக்குனு கேக்கும்.”

தன் கருவிப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்து எதையோ தேடினார். நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சார், மூணாவது தடவை கேக்கறேன். பிளக் பாயின்ட் எங்க?”

“வாய்க்குள்ளயே பேசினா எப்படிக்கா கேக்கும்?”

“நானா? பட்டறையில மெஷினு ஓடறப்பவே என் சத்தம்தான் மேல கேக்குதுன்னு திட்டு வாங்கறவ நான். வாய்க்குள்ள பேசறேன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான்.”

நானும் சிரித்தேன்.

அவர் கூட்டைக் கழற்றினார். பிளக்கைச் செருகியதும் உள்ளே இருந்த கண்ணாடி வால்வுகள் சூடேறி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர ஆரம்பித்தன. தூசியைத் தூரிகையால் தட்டினார், ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டு அளந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படி அரை மணி நேரம். நடுநடுவே “ம்” என்றார். பிறகு தான் கொண்டுவந்த, ஒலியை அலையாகக் காட்டும் திரைக்கருவியை இயக்கி, அதன் மைக்கை ஹெட்போனின் ஒரு கிண்ணத்துக்குள் வைத்து மூடிவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

திரையில் பச்சைக் கோடு அலையாக எழுந்தது. ஆயிரம். இரண்டாயிரம். திருகு ஏற ஏற அலைகள் நெருங்கின. நாலாயிரத்திலும் அலை. ஆறாயிரத்திலும். எட்டாயிரத்தில் சீப்பின் பற்கள்போல நெருக்கமாக, ஒன்றுகூடக் குறையாமல் நின்றது.

“எட்டாயிரம் செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. செத்தது இப்படியா துள்ளும்?”

“மைக்குக்கு வரலாம்க்கா. காதுக்கு வரணுமே.”

அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். முகத்தைச் சுளித்தார். “நல்லா வருது. காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி.”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். கை நீட்டினேன். அவர் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். கிண்ணங்களில் அவருடைய காதுச் சூடு இருந்தது. மாட்டிக்கொண்டேன். அவர் பொத்தானை அமுக்குவதைப் பார்த்தேன். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் வலது திருகைக் கொஞ்சம் ஏற்றினார். இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு கிண்ணத்தின் விளிம்புக்கு மைக்கைக் கொண்டுவந்து பிடித்தார். திரை மேலிருந்து கீழ்வரை பச்சையாக நிறைந்தது.

எனக்குக் கேட்டதெல்லாம் என் காதுக்குள் ரத்தம் ஓடும் இரைச்சல்தான். அவ்வளவு பச்சை கண்ணெதிரே நிற்கிறது. காதில் ஒன்றுமே இல்லை. கதவு சாத்திய வீட்டுக்கு வெளியே நின்று, உள்ளே விளக்கு எரிவதை மட்டும் பார்ப்பதுபோல இருந்தது.

அக்கா பொத்தானிலிருந்து கையை எடுத்தார். நான் ஹெட்போனைக் கழற்றும்வரை காத்திருந்தார். பிறகு என் முகத்துக்கு நேராக, மெதுவாகச் சொன்னார்.

“சார், ஹெட்போன் இல்லாமலே எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

அவர் மைக்கின் கம்பியைச் சுற்றினார். சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

பேத்தியின் நினைவு பிறகுதான் வந்தது என்று சொன்னால் அது பொய். ஹெட்போனைக் கழற்றும்போதே வந்துவிட்டது. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது. மகள் பேச்சில் விடுபட்டதையெல்லாம் பழக்கம் நிரப்பியிருக்கும்; பேத்தியின் பேச்சில் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பதிவேட்டை எடுத்து மூன்று ஆண்டுகளின் பக்கங்களையும் பார்த்தேன். ‘8000: ஒலி இல்லை. 6000: மங்கல்.’ அடுத்த ஆண்டு, ‘6000: ஒலி இல்லை. 4000: மங்கல்.’ இந்த ஆண்டு, ‘4000: ஒலி இல்லை. 3000: மங்கல்.’ எல்லாம் என்னுடைய குண்டு கையெழுத்து. ஒவ்வொன்றின் கீழும் தேதி, என் கையொப்பம். ஒரு மனிதன் தன் காது அவிந்துபோவதை இவ்வளவு ஒழுங்காக, ஆண்டு தவறாமல் எழுதி, அதைப் பெட்டியின் தலையில் கட்டியிருக்கிறான். பழையது எது என்று கேட்டிருந்தால் நான் அந்தப் பெட்டியைத்தான் காட்டியிருப்பேன். என் வயதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

வீட்டில் தனியாக இருப்பவனுக்குக் காது குறைந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? டிவி சத்தத்தைக் குறை என்று சொல்ல ஆள் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டு அலுத்துக்கொள்ள ஆள் இல்லை. முற்றத்தில் குருவிகள் வருவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்துகொண்டுதான் இருந்தனவோ என்னவோ.

“சார்” என்றார் அக்கா. “ஒண்ணு சொல்லட்டுமா? ‘ஒயர் லூசா இருந்தது, சரி செய்யப்பட்டது’ன்னு எழுதிடுவோம். நான் கையெழுத்துப் போடறேன். யாரு வந்து பாக்கப்போறா?”

“பொய்க்கு நீங்க ஏன் கையெழுத்துப் போடணும்?”

“எவ்வளவோ மீட்டிங்குக்கு வந்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இது ஒண்ணு கூட.”

எங்கள் பதிவேட்டில் எதையும் அழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. தவறு என்று தெரிந்தால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி. பக்கத்தில் சரியானது. எழுதியவர் கையொப்பம், அருகில் இருந்தவர் கையொப்பம். பல்கலைக்கழகம் உள்ளவரை அது அங்கேயே இருக்கும்.

ஒயர் லூசு என்று எழுதினால் ஆடியோமீட்டர் தப்பித்துவிடும். நானும் தப்பித்துவிடுவேன். ஓடும் கருவிகளைச் சோதிக்கும் வேலை என்னிடமே இருக்கும். ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள்தான். மகளிடமும் ஒன்றும் சொல்லவேண்டாம். அப்பா பிடிவாதக்காரர் என்று நினைத்துவிட்டு ஒருநாள் அவளாகவே கூப்பிடுவாள். கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்? ஆ, ஓ, ஆ, ஈ என்று கேட்பதற்கு “அப்படியா கண்ணு” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தக் குழந்தை வளர்ந்து, நான் சாகும்வரை.

பேனாவைத் திறந்தேன். மூன்று பக்கங்களிலும் கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: ‘கருவியில் குறை இல்லை. சோதித்தவரின் செவித்திறனில் குறை.’ தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

“எனக்குத்தான் மனசு கேக்கல சார்” என்றார். “நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க.”

படி இறங்கும்போது திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். நான் காதில் கை வைத்துக் காட்டினேன். அவர் மறுபடி மேலே ஏறி வந்தார்.

“ஒண்ணுமில்ல சார். வரேன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. சொன்னாலும் அவள் சொல்லும் பதில் எனக்கு முழுதாக விழாது என்பதை இப்போது நான் அறிவேன். நடத்துனர் என்னிடம் எதையோ கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் மறுபடி கேட்டார். சில்லறை கேட்டிருக்கிறார் என்று அவர் விரல்களைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். இப்படித்தான் எத்தனையோ நாட்களாகச் சமாளித்துக்கொண்டு வந்திருக்கிறேன்போல.

நடுப்பகலில் மகள் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்தவளின் கையில் துடைக்கும் துணி இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார்.

“வாங்க.”

உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் பேருந்தில் கோத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை.

“குழந்தை காதுல ஒண்ணும் இல்ல” என்றேன். “என் காதுதான்.”

அவள் நின்றபடியே இருந்தாள். ஆடியோமீட்டரையும் அக்காவையும் பச்சைக் கோட்டையும் சொன்னேன். பதிவேட்டில் எழுதியதையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேனா, சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேனா, தெரியவில்லை. இரண்டும் நடக்கவில்லை.

“எவ்வளவு நாளா?”

“மூணு வருஷம். அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கலாம்.”

“அம்மா இருந்திருந்தா முதல் மாசமே சொல்லியிருப்பாங்க.”

“ஆமா.”

துணியை நாற்காலி முதுகில் மடித்துப் போட்டாள். மடித்ததை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

“ரிப்போர்ட் வந்தப்புறம் நிம்மதியா இருந்தேன் அப்பா. நாலு நாள். அப்புறம் உங்க மெயில் வந்துச்சு. அதுக்கப்புறம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவ பொம்மை வெச்சு விளையாடிட்டு இருப்பா. பின்னாடி போய் நின்னு கை தட்டுவேன். திரும்பறாளான்னு பார்ப்பேன். சாவியை ஆட்டுவேன். பேரைக் குசுகுசுன்னு சொல்லிப் பார்ப்பேன். திரும்புவா. சிரிப்பா. அவளுக்கு அது விளையாட்டு. மறுநாள் மறுபடி தட்டுவேன். நாப்பது நாளா, என் பிள்ளை முதுகுக்குப் பின்னாடியே நின்னுட்டு இருந்தேன்.”

ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

“நீங்க சொன்னா நான் நம்புவேன். சின்ன வயசுலருந்து அப்படித்தான். அதான் போன் எடுக்கல.”

பதிவேட்டில் கோடு போட்ட மாதிரி இங்கே போட முடியாது. போட்டாலும் அடியில் இருப்பது படிக்கக் கிடைக்கும். அவள் எழுந்து போகவில்லை. அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள் அறையிலிருந்து குழந்தை வந்தாள். தூங்கி எழுந்த முகம், ஒரு பக்கக் கன்னத்தில் தலையணைக் கோடு. அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். ஆ, ஊ, ஆ. ஆனால் இந்தமுறை வாயைப் பார்த்தேன். நாக்கு பல்லைத் தொட்டது. உதடுகள் கூடிப் பிரிந்தன. நான் போனில் தேடிய மெய்யெழுத்துகள் அத்தனையும் அவள் வாயிலேயே இருந்தன, ஒழுங்காக, நேரத்துக்கு.

மகளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை மறுபடி அதையே கேட்டாள், இன்னும் உரக்க.

“யார் இவருன்னு கேக்கறா” என்றாள் மகள்.

நான் காத்திருந்தேன்.

“நீங்களே சொல்லுங்க.” எழுந்து தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். இப்போது குழந்தையின் வாய் என் கண்ணுக்கு நேராக இருந்தது.

“தாத்தா” என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு நீளமாக எதையோ சொன்னாள், கையை ஆட்டி, ஜன்னலைக் காட்டி, முடிவில் புருவத்தை உயர்த்தி. எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

“தாத்தாவுக்குக் கேக்கலம்மா. இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னாள். இன்னும் ஒரு தடவை என்றேன். அந்த வயதுக்கு அதில் சலிப்பில்லை. என் முன்னால் வந்து நின்றுகொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.